யவனர் காசும் பாட்டியின் காசுமாலையும்

எண்ணூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, விஷயம் சுருக்கமானது. அவருடைய பாட்டி விட்டுப்போன காசுமாலை ஒன்று வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. வருகிற தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம். பழைய மாலையை உருக்கிப் புது மாதிரியில் ஓர் ஆரமாகச் செய்து போட்டால் நன்றாயிருக்கும் என்று மாப்பிள்ளை வீட்டார் ஜாடையாகச் சொல்லியிருக்கிறார்கள். பத்தர் வந்து பார்த்தார். மற்றக் காசுகள் எல்லாம் லக்ஷ்மி காசு. இரண்டு மட்டும் வேறு தினுசு என்றார். அவற்றில் ஏதோ ஒரு முகம். முகத்தைச் சுற்றிப் புரியாத எழுத்து. "இது ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் காசு என்று என் பிள்ளை சாதிக்கிறான். உருக்கலாமா, கூடாதா? உருக்கினால் பாவமா, நஷ்டமா?" என்று கேட்கிறார் அந்த அம்மாள்.

பாவத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை இந்தப் பத்திக்கு இல்லை. நஷ்டத்தைப் பற்றிச் சொல்லலாம். அதற்கு முன்னால் பிள்ளையாண்டான் சாதிப்பதைச் சற்றே பரிசோதிப்போம்.

முகமும் லத்தீன் எழுத்தும் இருந்துவிட்டால் மட்டும் ஒரு காசு ரோமாபுரிக் காசு ஆகிவிடாது. விக்டோரியா மகாராணியின் பவுனிலும் லத்தீன் எழுத்துத்தான். பவுனின் பின்புறத்தில் பெரும்பாலும் குதிரைமேல் ஒரு வீரன் நாகத்தை வதைக்கும் படம் இருக்கும். எங்கேயாவது 1887 என்றோ 1911 என்றோ வருஷமும் இருக்கும். காசில் இப்படி இலக்கத்தில் வருஷம் கண்டால் ரோமரை மறந்துவிடலாம். இந்த இலக்கங்கள் மேல்நாட்டுக்குப் போனதே ரோம சாம்ராஜ்யம் மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர்தான். இன்னொரு தினுசும் உண்டு. வெனிஸ் நகரத்துத் தங்கக் காசு ஒரு காலத்தில் நம் கடற்கரை முழுவதும் நடமாடியது. அது தகடுபோல் மெல்லியது. எடை மூன்றரை கிராம். ஒரு பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் புனிதர் ஒருவரும், அவர் முன்னால் முழந்தாளிட்ட நகரத் தலைவரும் இருப்பார்கள். பழைய நகைகளில் இதைப் பார்த்து "ரோமக் காசு" என்று பெருமைப்பட்டுக் கொள்பவர்கள் உண்டு. அதுவும் பழமையானதுதான், ஆனால் அகஸ்டஸ் சக்கரவர்த்திக்கும் அதற்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் தூரம்.

அசல் ரோமத் தங்கக் காசு சிறியது, தடித்தது, கையால் அடித்தது. விளிம்பு ஒரே சீராக இராது. அகஸ்டஸ் காலத்தில் அதன் எடை சுமார் 7.8 கிராம். கி.பி. 64-ம் வருஷத்தையொட்டி நீரோ மன்னன் அதைச் சுமார் 7.3 கிராமாகக் குறைத்தான். சகோதரிகள் கவனிக்க வேண்டும்: நாம் இன்று பவுன் என்று சொல்லும் எட்டு கிராமுக்கு இது அநேகமாகச் சமம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் முசிறியில் கப்பலிறங்கிய காசுக்கும், இன்று சௌகார்பேட்டையில் தராசில் ஏறும் பவுனுக்கும் எடையில் பெரிய பேதமில்லை.

மேற்படி பரீக்ஷைகளில் எல்லாம் தேறி, அசல் ரோமக் காசாகவே அது நின்றுவிட்டால்? அதில் ஆச்சரியப்பட அவசியமில்லை. யவனர் காசைக் கழுத்தில் கோத்துக்கொள்ளுவது இந்தத் தேசத்தில் நேற்று வந்த மோஸ்தர் அன்று. தென்னிந்தியாவில் அகப்பட்ட ரோமக் காசுகள் சிலவற்றில் நூல் கோக்கும் துளை இருக்கிறது. சிலவற்றின் தலைப்பில் வளையம் பற்றவைத்திருக்கிறது. ரோமாபுரியில் கடைச் செலவுக்கும் சிப்பாய்ச் சம்பளத்துக்கும் அடித்த காசு இங்கே வந்ததும் நகையாகிவிட்டது. பொன்னுக்கு வழியில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? ஹைதராபாத்துக்கு அப்பால் கொண்டாபூரில் பூமியைத் தோண்டியபோது, டைபீரியஸ் சக்கரவர்த்தியின் காசைப் பார்த்துச் சுடுமண்ணில் அச்செடுத்த பதக்கங்கள் கிடைத்தன. கவரிங் நகையைப் பார்த்து முகம் சுளிக்கும் மாமியார்மார் அதன் பூர்வீகத்தை அறிந்து சற்றே மரியாதை காட்டலாம்.

இத்தனை பொன் நம் கரைக்கு வந்தது எப்படி? மிளகு, முத்து, மெல்லிய துணி, மணிக்கற்கள், இவற்றுக்கு விலையாக வந்தது. பிளினி என்ற ரோமப் பண்டிதர் இதைச் சொல்லி ஒரு மூச்சு அழுதிருக்கிறார். வருஷந்தோறும் இந்தியா மட்டும் தம் தேசத்திலிருந்து ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இழுத்துக்கொள்கிறது என்பது அவர் கணக்கு. நூறு செஸ்டர்ஸ் ஒரு பொற்காசு. ஆகவே வருஷத்துக்கு ஐந்து லட்சம் பொற்காசு! கணக்கில் கொஞ்சம் கோபமும் கலந்திருக்கலாம். நம் பக்கத்துக் கற்களை ரோமப் பிரபுக்கள் அவ்வளவு விரும்பினார்கள். கொங்குநாட்டுப் படியூரில் பச்சைநீலப் பளிங்கு போன்ற கல் விளைந்தது; அதைப் பட்டை தீட்டித் துளையிட்ட பட்டறைகளின் எச்சங்களை ஈரோடு ஜில்லாவில் கொடுமணலில் தோண்டிக் கண்டிருக்கிறார்கள்.

பண்டம் ஒரு வழியாக மட்டும் போகவில்லை. இத்தாலியில் பாம்பெய் நகரத்தில் ஒரு வீட்டின் இடிபாட்டிலிருந்து 1938-ம் வருஷம் தந்தத்தாலான ஒரு பெண் உருவத்தை எடுத்தார்கள். இடுப்பிலும் கழுத்திலும் காலிலும் நம் ஊர் நகைகள்! அதை லக்ஷ்மி என்று சிலரும் யக்ஷி என்று சிலரும் சொல்கிறார்கள். ரோமக் குடும்பம் ஒன்று நம் தேசத்துச் சாமானைச் சேகரித்து வீட்டில் வைத்திருக்கிறது. கி.பி. 79-ம் வருஷம் அந்த ஊரைச் சாம்பலில் புதைத்த எரிமலைதான் அழுதுகொண்டிருந்த பிளினியையும் கொண்டுபோயிற்று. செங்கடல் கரையில் எகிப்து தேசத்துக் குசேர் அல் கதீம் என்னும் பழந்துறையில் தமிழ் எழுத்துப் பொறித்த பானைத் துண்டு ஒன்று கிடைத்தது. எழுதியிருப்பது "பானை ஒறி" என்று படித்திருக்கிறார்கள். அதாவது பானையைக் கட்டித் தொங்கவிடும் உறி. கப்பலேறிப் போன தமிழன் சமையற்கட்டு உறியையும் மறக்கவில்லை.

இனி நஷ்டக் கணக்குக்கு வருவோம்.

1842-ம் வருஷம் கோயமுத்தூருக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் ஒரு பானைக்குள் 522 ரோம வெள்ளிக் காசுகள் அகப்பட்டன. அவ்வூரில் பின்னரும் சில முறை கிடைத்தன. 1847-ம் வருஷம் கண்ணூருக்கு அருகில் கோட்டயம் என்ற கிராமப்புறத்தில், ஆற்றோர மண்ணைக் கழுவித் தங்கத் துகள் தேடியவர்கள் ஒரு பெரும் புதையலைக் கண்டார்கள். எல்லாம் தங்கக் காசு. அப்போதுதான் அக்கசாலையிலிருந்து வந்தவைபோல் புத்தம் புதியவை. ஐந்து கூலியாட்கள் சுமக்கும் பாரம் என்று அக்காலத்தவர் எழுதிவைத்தார்கள். மாற்றுக் குறையாத பொன்னாக இருந்தபடியால் பொற்கொல்லரும் தனவந்தரும் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். எதற்கு? உருக்கி நகை செய்வதற்கு. ஐந்து பேர் சுமந்த பொன்னில் சரித்திரத்துக்கு மிஞ்சியது சொற்பம். மலையாளத்திலும் தமிழ்நாட்டிலும் அந்தக் காலத்துப் பெண்களின் காதிலும் மூக்கிலும் ரோமச் சக்கரவர்த்திகள் எத்தனை பேர் அடையாளம் தெரியாமல் மின்னினார்களோ!

1898-ம் வருஷம் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் கிடைத்த புதையல் அந்தக் கதிக்குத் தப்பியது. 501 தங்கக் காசுகள். அவற்றை லண்டன் பிரிட்டிஷ் பொருட்காட்சி சாலை வாங்கிக்கொண்டது. நம் மண்ணில் கிடைத்ததைப் பார்க்க நாம் கப்பலேற வேண்டியிருக்கிறதே என்று வருத்தப்படுவது நியாயம்தான். ஆனால் கோட்டயத்துக் காசுகளை நினைத்தால் அந்த வருத்தத்தை முழுக் கோபமாக்கிக்கொள்ள மனம் வரவில்லை. லண்டனில் இருப்பதை ஒரு நாள் கேட்டு வாங்கலாம்; மூசையில் போனதை யாரிடம் கேட்பது?

அந்த 501-ல் ஒரு விசித்திரம் உண்டு. பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட காசுகளில் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு இருக்கிறது. வெட்டியவர் யார், ஏன் வெட்டினார் என்று ஆராய்ச்சிக்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக வாதம் செய்கிறார்கள். பொன்னைச் சோதிப்பதற்கு என்றார் ஒருவர். அந்நிய அரசன் முகம் இங்கே செல்லாது என்று காட்டுவதற்கு என்றார் இன்னொருவர். சோதிப்பதானால் விளிம்பில் ஒரு கீறல் போதுமே. சொல்லிவைத்தாற்போல் முகத்திலேயே ஏன் வெட்ட வேண்டும்? "இனிமேல் இது நாணயமன்று, வெறும் பொன்" என்று அறிவிக்கும் அடையாளமாகவே அதை நான் கருதுகிறேன். அந்தப் புண்ணியவான் காசைச் செல்லாமற் செய்தாரே தவிர உருக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுவோம்.

இதுகாறும் பொன்னையே பேசிவிட்டோம். ரோமரின் சாமான்களில் நமக்கு மிகப் பெரிய உபகாரம் செய்தது எது என்று கேட்டால், பொன்னும் அல்ல, மணியும் அல்ல. ஓர் ஓட்டை ஜாடி!

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் வீராம்பட்டினத்தை அடுத்து அரிக்கமேடு இருக்கிறது. அங்கே பழைய கட்டடங்களின் எச்சம் தெரிகிறது என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுதியவர் லெ ழாந்தீல் என்ற பிரெஞ்சு வான சாஸ்திரி. இவர் துரதிர்ஷ்டத்துக்குப் பேர்போனவர். சூரியனின் குறுக்கே சுக்கிரன் கடப்பதைப் பார்க்கக் கடல் கடந்து வந்தார். 1761-ல் கடல் நடுவே சிக்கி வாய்ப்பை இழந்தார். எட்டு வருஷம் கீழ்த்திசையிலேயே காத்திருந்து 1769-ல் புதுச்சேரியில் தொலைநோக்கியை நிறுத்தினார். சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. வானத்தில் கிடைக்காதது தரையிலாவது கண்ணில் பட்டதே என்று நாம் திருப்தி அடையலாம்.

பிறகு நூற்றறுபது வருஷம் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1930-களில் புதுச்சேரியில் ஆசிரியராயிருந்த ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் கவனித்தார். மழை பெய்து ஓய்ந்ததும் மேட்டில் மணிகளும் வண்ணக் கற்களும் தலை நீட்டும். கிராமத்துக் குழந்தைகள் பொறுக்கிக்கொண்டு வருவார்கள், இவர் வாங்கிக்கொள்வார். அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்று, ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் தலையைக் குழித்து வெட்டிய முத்திரைக்கல். இன்னொன்றில் மன்மதன் போன்ற சிறு பையனும் பறவையும். ரோமரின் ஊர் இது என்று துப்ரேய் அடித்துச் சொன்னார். சில சாமான்கள் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த ஹனோய் நகரத்துக் காட்சிசாலைக்குப் போயின. மற்றவை புதுச்சேரி நூல்நிலையத்துக் கண்ணாடிப் பெட்டியில் தூங்கின.

1944-ம் வருஷம் ஜூலை மாதம், இந்தியத் தொல்பொருள் இலாகாவின் புதிய தலைவர் மார்ட்டிமர் வீலர் சென்னைக்கு வந்தார். எழும்பூர்ப் பொருட்காட்சி சாலையில் ஓர் அலமாரிக்குள் கையை விட்டார். கையோடு வந்தது ஒரு மண் ஜாடியின் கழுத்தும் நீண்ட கைப்பிடியும். மத்தியதரைக் கடற்கரையில் திராட்சை மது அடைத்து அனுப்பும் ஜாடி! எங்கே கிடைத்தது என்று கேட்டார், புதுச்சேரி என்றார்கள். உடனே ரயிலேறினார். நூல்நிலையத்துப் பெட்டியில் சிவப்பு மெருகுடன் இத்தாலிய அரெட்சோ நகரத்துத் தட்டுகளின் துண்டுகள் இருந்தன. மறு வருஷமே அரிக்கமேட்டில் தோண்ட ஆரம்பித்தார்.

அந்தச் சிவப்புத் தட்டுகளில் வனைந்த குயவர்களின் பெயர் முத்திரை இருந்தது. இன்ன பட்டறை இன்ன காலத்தில் வேலை செய்தது என்று இத்தாலியில் கணக்கு உண்டு, கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவோடு அந்தச் சரக்கு நின்றுவிட்டது. ஆகவே அந்தத் துண்டோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த நம் நாட்டுப் பானைக்கும் காலம் தெரிந்தது. அரிக்கமேட்டுப் பானையைப் போன்ற பானை வேறு ஊரில் அகப்பட்டால் அந்த ஊருக்கும் காலம் தெரிந்தது. தென்னாட்டுப் பழமைக்கு முதல் முதலாகப் பஞ்சாங்கம் எழுதிக்கொடுத்தது, சாப்பிட்டுக் கழுவி வைத்த ஓர் உடைந்த தட்டு. பின்னால் 1989 முதல் 1992 வரையில் அங்கே தோண்டிய விமலா பேக்லே அம்மையார், ரோமர் வருவதற்கு முன்னரே அரிக்கமேடு ஊராகச் செழித்திருந்தது என்று காட்டினார்.

இங்கேதான் சேகரிப்பு என்னும் ஆசையின் சூட்சுமம் இருக்கிறது. அந்தத் தட்டுத் துண்டுக்குக் கடையில் காலணா விலை பெறாது. மண்ணில் எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதே அதன் விலை. அதேபோல் அகஸ்டஸ் முத்திரைக்கல்லை இன்ன இடத்தில், இவ்வளவு ஆழத்தில், இந்த மணிகளோடு கண்டோம் என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்த ஒரு வரி கல்லைவிடப் பெரிய செல்வமாயிருக்கும். குழந்தைகள் பொறுக்கினார்கள், எழுதுவார் இல்லை.

சேகரிப்பவர்கள் எல்லாரையும் குறைசொல்வதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்து நாளெல்லாம் உலோகத் துணுக்குத் தேடுகிறவர்கள் உண்டு. அவர்கள் கையில் சேர காசும் வரும், ரோமரின் செப்புக் காசும் வரும், பொன் மோதிரமும் வரும். சிவப்பரிசி அளவே உள்ள எழுத்துத் தேய்ந்த செப்புக் காசுக்கு மதிப்புத் தெரிந்து வாங்கியவர்கள் இல்லாவிட்டால், அவையெல்லாம் எடைக்குப் போய்ப் பித்தளைச் சொம்பாகியிருக்கும். "தினமலர்" ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி இப்படித் தேடிச் சேர்த்தவர்களில் முதன்மையானவர். பெருவழுதி என்று தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த பாண்டியன் காசை உலகறியச் செய்தவர் அவர். கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக் காசுகளைப் பற்றி 1994-ல் தனிப் புஸ்தகமே எழுதினார். 2021-ல் காலமானார். காசு எங்கே கிடைத்தது, எடை என்ன, என்ன எழுத்து என்று பதிவு செய்துவிட்டால் சேகரிப்பாளர் சரித்திரக்காரர் ஆகிறார். பெட்டியில் பூட்டி நண்பர்களுக்கு மட்டும் காட்டி மகிழ்பவர், புதையலை மறுபடியும் புதைத்தவரே ஆவார்.

சர்க்காரின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். புதையல் சட்டம் 1878-ம் வருஷம் வெள்ளைக்காரர் இயற்றியது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பழம்புதையலுக்கு உரியவர் எவரும் இல்லை என்று தீர்ந்தால் கண்டவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. சர்க்காரே எடுத்துக்கொள்வதானால் உலோகத்தின் மதிப்பும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டும். பார்வைக்கு இது தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் அஸ்திவாரம் தோண்டும் கூலியாளின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். பத்தரிடம் போனால் கழிவு போக இன்று மாலையே கையில் பணம். கேள்வி முறை கிடையாது. கலெக்டரிடம் போனால் மனு, விசாரணை, காத்திருத்தல். கடைசியில் உலோக விலையோடு ஐந்தில் ஒரு பங்கு. வேலை கெட்டு அலைந்த நாட்களுக்கே அது சரியாகப் போய்விடும். இந்த "ஐந்தில் ஒரு பங்கு" பழங்காசுகளுக்குச் செய்த தீங்கு உளி வெட்டைவிடப் பெரிது என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் தங்களுக்கு 1996-ல் வேறு சட்டம் செய்துகொண்டார்கள். அங்கே புதையலைப் பொருட்காட்சி சாலை எடுத்துக்கொண்டால் சந்தை விலையையே வெகுமதியாகக் கொடுக்கிறார்கள். புதையலாகாத சில்லறைச் சாமான்களை, ரோமர் காலத்து ஆடை ஊசி, மோதிரம், சாவி போன்றவற்றை, கண்டவர் காட்டினால் படம் எடுத்து, இடம் குறித்து, அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இப்படி அங்கே பதிவானவை பத்து லட்சத்துக்கு மேல். வெள்ளைக்காரரிடம் நாம் வேண்டாதவை எத்தனையோ கற்றுக்கொண்டோம். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் தோஷமில்லை.

எண்ணூர்ச் சகோதரிக்கு இதெல்லாம் எங்கேயோ நடந்த கதையாகத் தோன்ற வேண்டியதில்லை. யவனர்களின் கடல்வழிக் குறிப்பு நம் கீழ்க்கரைத் துறைகளைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. தாலமி என்ற யவனர் குறித்த மலியார்பா நம் மயிலாப்பூர்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். மாம்பலத்திலேயே முத்திரை குத்திய பழைய வெள்ளிக் காசுகளோடு ரோம வெள்ளிக் காசும் அகப்பட்டது. மயிலாப்பூரிலிருந்து வடக்கே கிருஷ்ணை முகத்துக்குக் கரையோரமாகப் போன படகு எதுவும் எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டாமல் போயிருக்க முடியாது. அந்த முகத்துவாரத்தில் கடலைச் சேரும் கொசஸ்தலை ஆற்றின் படுகையில்தான் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்காலக் கருவிகளைக் கண்டார். அவற்றில் மிகப் பழையவற்றின் வயது 15 லட்சம் வருஷம் என்று 2011-ல் கணித்தார்கள். இப்பேர்ப்பட்ட ஆற்றின் வாயில் இன்று அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிகிறது. 2001 முதல் நிலக்கரிக் கப்பல் வருகிறது. கப்பலுக்காகக் கடலடி மணலை வாரி எடுக்கிறார்கள். வாரிய மணலில் கரி இருக்கிறதா, சேறு இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள், ஒரு ஜாடியின் கழுத்து இருக்கிறதா என்றும் பார்த்தால் என்ன கெட்டுவிடும்? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் சாலையோரத்துக் காயலான் கடைகளில் தராசுத் தட்டில் ஏறும் பழைய பித்தளையையும் செம்பையும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டு உலைக்கு அனுப்பக் கூடாதா?

தாய்லாந்து தேசத்தில் குவான் லுக் பட் என்ற பழந்துறையில் தட்டார் ஒருவரின் உரைகல் கிடைத்திருக்கிறது. சுமார் ஆயிரத்தெழுநூறு வருஷப் பழமை. அதில் தமிழில் "பெரும்பதன் கல்" என்று எழுதியிருக்கிறது. பெரும்பத்தனின் கல் என்று பொருள் சொல்கிறார்கள். நாம் இன்னமும் நகைக்காரரைப் பத்தர் என்றுதான் அழைக்கிறோம். அவர்கள் தொழிலுக்கு அவ்வளவு பழைய கௌரவம் இருக்கிறது. மூசையில் போடுவதற்கு முன்னால் "அம்மா, இதை யாரிடமாவது காட்டிவிட்டு வாருங்கள்" என்று சொல்லும் பத்தரும் உண்டு. எண்ணூர் அம்மாளின் பத்தர் இரண்டு காசும் வேறு தினுசு என்று கண்டுபிடித்துச் சொன்னாரே. அவருக்கு என் வந்தனம்.

இனி அந்த அம்மாளுக்கு நேர் விடை. மாலையை அவிழ்த்து உருக்குவதானால் லக்ஷ்மி காசுகளை உருக்குங்கள். அந்த இரண்டை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். புளி போட்டுத் துலக்காதீர்கள், பூந்திக்கொட்டையும் வேண்டாம். வளையம் பற்றவைத்திருந்தால் அதையும் அறுக்காதீர்கள். அந்த வளையமும் சரித்திரத்தைச் சேர்ந்தது. இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, எடையைக் குறித்து, பாட்டிக்கு அது எந்த ஊரில், யார் வழியாக வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள். பரம்பரையாக வந்த காசு. வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனி மனிதர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ம் வருஷத்துச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. மாப்பிள்ளை அமெரிக்காவில் வேலை பார்ப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள்; ஆகவே கல்யாணப் பெண்ணின் கழுத்தில் அது விமானம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிக விலை தருகிறேன் என்று வீடு தேடி வருபவர்களிடமும் ஜாக்கிரதை. போலிக் காசு செய்து விற்பதும், அசலை வாங்கிக்கொண்டு போலியைத் திருப்பித் தருவதும் ஒரே கூட்டத்தாரின் தொழில். வார்ப்புக் காசாயிருந்தால் விளிம்பைச் சுற்றி ஒட்டுப் போட்டாற்போல் ஒரு கோடு ஓடும், பூதக்கண்ணாடியில் தெரியும்.

பிள்ளையாண்டானையும் அழைத்துக்கொண்டு எழும்பூருக்குப் போய்வாருங்கள். எண்ணூரில் மின்சார ரயில் ஏறினால் கடற்கரை ஸ்டேஷனில் மாறி எழும்பூரில் இறங்கலாம். பாந்தியன் சாலை கூப்பிடு தூரம். முன்னாளில் சென்னை ஜனங்கள் "செத்த காலேஜ்" என்று பெயர் வைத்த அந்தப் பொருட்காட்சி சாலை 1851-ல் ஏற்பட்டது. வெள்ளலூர் முதலிய ஊர்களில் கிடைத்த ரோமக் காசுகள் அங்கே இருக்கின்றன. உங்கள் காசைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி நாணயப் பகுதி அதிகாரியைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போக வேண்டாம். அன்று கதவு சாத்தியிருக்கும்.